ஏழு ஆக்டிவிட்டி, காலையில் வயிற்றுவலி: மகளை எதை விடச் சொல்வது?

இரட்டைப்பின்னல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பிள்ளைகளைச் சர்வதேசப் பள்ளியில் படிக்கவைக்கிற பெற்றோர் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் கேட்கிறேன்.

மகள் பதினோராம் வகுப்பு, ஐ.பி. டிப்ளமோவில் (சர்வதேசப் பள்ளிகளில் கடைசி இரண்டு வருடப் பாடத்திட்டம்) முதல் வருடம். பள்ளி தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. மூன்று வாரமாகக் காலையில் எழுந்ததும் வயிற்றுவலி. டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டார், ஒன்றும் இல்லை. கடைசியில் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "லீவு நாளில் வலிக்கிறதா?" நடுவில் வந்த ஒரு வார விடுமுறையில் ஒரு நாள்கூட வலிக்கவில்லை. அது முடிகிற ஞாயிறு இரவு மறுபடி ஆரம்பித்தது.

அவள் செய்பவை: மாதிரி ஐ.நா. சபை (பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டின் பிரதிநிதியாக உட்கார்ந்து பேசுவது), விவாத மன்றம், கூடைப்பந்து, ஆண்டு மலர்க் குழு, டியூக் ஆஃப் எடின்பரோ விருதில் (சேவை, விளையாட்டு, வெளிப்பயணம் எல்லாம் சேர்ந்த இளைஞர் விருது) வெள்ளி நிலை, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிப்புத் துணை, பள்ளி நாடகத்துக்கு மேடை விளக்கு. ஆக ஏழு.

நேற்று போனில் தன் காலண்டரைக் காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வெள்ளை இடமே இல்லை. புதன்கிழமை மாலை 5:50க்கும் 6:00க்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பட்டை. அதில் "சாப்பிடு" என்று எழுதி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை.

"இரண்டை விட்டுவிடேன்" என்றேன். அழுதுவிட்டாள். காஸ் என்பது ஐ.பி.யில் பாடத்துக்கு வெளியே கட்டாயம் செய்ய வேண்டிய செயல்பாடுகள். "எதை விட்டாலும் காஸ் முடியாது, காஸ் முடியாவிட்டால் டிப்ளமோ கிடையாது" என்கிறாள். உண்மையா? யாராவது விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்புலி

சகோதரி, அவசரப்பட்டு எதையும் விட வைக்காதீர்கள். முதல் வருடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படித்தான் இருக்கும், அப்புறம் பழகிவிடும். பல்கலைக்கழக விண்ணப்பம் என்று வரும்போது மதிப்பெண் எல்லோரிடமும் இருக்கும். வித்தியாசம் காட்டுவது இந்தச் செயல்பாடுகள்தான். அமெரிக்கக் கல்லூரிகளுக்கான காமன் ஆப் விண்ணப்பத்தில் செயல்பாடுகளுக்கு மட்டும் 10 இடம் இருக்கிறது. என் பெரியவன் பத்தையும் நிரப்பினான். கஷ்டப்பட்டான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நல்ல இடத்தில் சேர்ந்தான்.

---

சுண்ணக்கட்டி

அம்மா, நான் ஆசிரியர். ஒரு சர்வதேசப் பள்ளியில் பல வருடம் காஸ் ஒருங்கிணைப்பாளராக இருந்திருக்கிறேன். உங்கள் மகளின் பயத்தை அப்படியே என் அறையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அவள் சொல்வதில் பாதி உண்மை. காஸ் முடிக்காவிட்டால் டிப்ளமோ கிடையாது. டிப்ளமோவின் மொத்தம் 45 புள்ளிகளில் காஸுக்கு ஒரு புள்ளிகூட இல்லை என்றாலும் அது கட்டாயம். ஆனால் ஏழு செயல்பாடுகள் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. இத்தனை மணி நேரம் என்ற கணக்கும் இப்போது கிடையாது. ஒரு காலத்தில் 150 மணி நேரம் என்று இருந்தது. பிள்ளைகள் மணிக்கணக்கை நிரப்புவதிலேயே குறியாகிவிடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு அதை எடுத்துவிட்டார்கள். மணிக்கணக்கு போய்விட்டது, அந்தப் பயம் மட்டும் வீடு வீடாக இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இப்போது கேட்பது இவ்வளவுதான். 18 மாதம் தொடர்ந்து ஈடுபாடு இருக்க வேண்டும். படைப்பு, உடலியக்கம், சேவை என்ற மூன்று இழையும் இடம்பெற வேண்டும். குறைந்தது ஒரு மாதம் நடக்கிற ஒரு கூட்டுப் பணி வேண்டும். ஏழு கற்றல் பலன்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையாவது சான்று காட்ட வேண்டும். ஒருங்கிணைப்பாளரோடு மூன்று நேர்காணல், கூடவே தன் அனுபவத்தைத் திரும்பிப் பார்த்து எழுதும் பதிவுகள். ஒரே செயல்பாடு நான்கைந்து பலன்களைக் காட்டலாம்.

இப்போது உங்கள் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை விளக்கு: படைப்பு. கூடைப்பந்து: உடலியக்கம். வாசிப்புத் துணை: சேவை. மூன்று இழையும் முடிந்தது. அந்த வாசிப்பு வேலையையே இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு மாதத் திட்டமாக விரித்தால் கூட்டுப் பணியும் ஆயிற்று. மீதி நான்கும் அவளுக்குப் பிடித்தால் செய்யலாம். காஸுக்காகச் செய்ய வேண்டியதில்லை.

இன்னொன்று. டியூக் விருதுக்குச் செய்கிற சேவையையும் விளையாட்டையும் பல பள்ளிகள் காஸ் பதிவிலும் ஏற்றுக்கொள்கின்றன. உங்கள் பள்ளியில் கேட்டுப் பாருங்கள். அது ஏமாற்று வேலை இல்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1956ல் தொடங்கிய அந்த விருதுக்குப் பின்னாலும், 1962ல் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரிக்குப் பின்னாலும் இருந்தவர் குர்ட் ஹான் என்ற ஜெர்மானியக் கல்வியாளர். ஐ.பி. வளர்ந்த ஆரம்பப் பள்ளிகளில் அந்தக் கல்லூரியும் ஒன்று. மலையேற்று, படகு ஓட்டு, அடுத்தவருக்கு உதவு என்று பிள்ளைகளை வெளியே இழுத்தவர் அவர். ஆனால் ஜெர்மனியில் அவர் நடத்திய சாலெம் பள்ளிக்காக அவர் எழுதிய ஏழு விதிகளில் ஒன்று, பிள்ளைகள் மௌனமாக இருக்க நேரம் கொடுங்கள் என்பது. அந்த விதியை மட்டும் நாம் வசதியாக மறந்துவிட்டோம். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

பதிவுகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "குழுப்பணியின் முக்கியத்துவத்தைக் கற்றுக்கொண்டேன்" என்று எழுதுகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் நினைவில் ஒன்றுமே நின்றிருக்காது. ஒரு பையன் எழுதினான்: "ராத்திரி இரண்டு மணிக்குக் கூடாரம் சரிந்தது. கயிறு கட்டியது நான். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை." நான்கு வரி. ஏழு செயல்பாடுகளுக்குள் ஓடுகிற பிள்ளைக்கு இப்படி ஒரு வரி எழுத எங்கே நேரம்?

---

மூன்றாவது ஊர்

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பேசுகிறேன். எதிர்ப்பதற்காக இல்லை, ஆக்டிவிட்டி என்றாலே சுமை என்று இந்த இழை போய்விடக்கூடாது என்பதற்காக.

வேலை மாற்றத்தில் மூன்றாவது நாடு எங்களுக்கு. மகன் எட்டாம் வகுப்பில், வருடத்தின் நடுவில் போய்ச் சேர்ந்தான். எல்லோருக்கும் ஏற்கனவே கூட்டாளி இருந்தார்கள். மூன்று வாரம் மதிய இடைவேளை முழுக்க நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் கேட்டால் "நல்லா இருந்துச்சு" என்பான். எங்களுக்குத் தெரியவே தெரியாது. நீச்சல் பயிற்சியாளர்தான் ஒருநாள் கூப்பிட்டு, "தொடர் நீச்சலுக்கு நாலாவது ஆள் இல்லை, நீ வந்தால்தான் அணி போகும்" என்றார். உண்மையிலேயே ஆள் இல்லையா, இவனுக்காகச் சொன்னாரா, இன்றுவரை தெரியாது. இவன் போனான். அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து முதன்முதலாக ஒரு பையனின் பெயரைச் சொன்னான்.

அந்த நாலாவது இடம் கிடைக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று இப்போதும் நினைப்பேன்.

ஆனால் அடுத்த ஆண்டே அந்தப் பையனும் கிளம்பிவிட்டான். இந்தப் பள்ளிகளில் கல்வியாண்டு முடிகிற கடைசி வாரம் என்றாலே விடைபெறும் வாரம். போகிறவனுக்குக் கேக், அட்டை, போட்டோ எல்லாம் உண்டு. இருக்கிறவனை யாரும் கேட்பதில்லை. விடுமுறை முடிந்து போனதும் பக்கத்து லாக்கரில் அவன் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி கிழிந்தபடி அப்படியே இருந்ததாம். இவன் அதைச் சுரண்டவும் விடவில்லை, அந்த லாக்கர் பக்கம் போகவும் இல்லை.

இப்படி ஊர் ஊராக வளரும் பிள்ளைகளை "மூன்றாம் கலாச்சாரப் பிள்ளைகள்" என்பார்கள். ரூத் ஹில் யுசீம் என்ற சமூகவியலாளர் 1950களில் வைத்த பெயர். ஊர் மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்று டேவிட் பொல்லாக் என்பவர் நான்கு படி சொல்லியிருக்கிறார்: மனத்தாங்கலைச் சரிசெய், நன்றி சொல், முறையாக விடைபெறு, அப்புறம் போகிற இடத்தைப் பற்றி யோசி. எங்கள் மகன் மூன்றாவதைச் செய்யவே இல்லை. கடைசி நாள் வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிட்டான். வயிற்றுவலி என்று நீங்கள் எழுதியதும் அதுதான் ஞாபகம் வந்தது. மேடம், உங்கள் மகளின் தோழி யாராவது சமீபத்தில் பள்ளி மாறிப் போனார்களா?

---

இரட்டைப்பின்னல்

சார், இதைப் படித்ததும் கை நின்றுவிட்டது. ஆமாம். போன கல்வியாண்டு முடிவில் இரண்டு பேர். விவாத மன்றத்தில் இவளோடு ஜோடியாகப் பேசியவளும் அதில் ஒருத்தி. அதை நான் இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை.

---

செவிமடு

பள்ளிக் கவுன்சலராக இருக்கிறேன். இங்கே எழுதுவது பொதுவான தகவல்தான், உங்கள் மகளை நேரில் பார்த்துப் பேசுகிறவர் சொல்வதே முக்கியம்.

முதலில், வயிற்றுவலி நடிப்பு இல்லை. பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தம் ஆகாது. மனம் பதறினால் குடலும் பதறும். "உனக்கு ஒன்னுமில்லைன்னு டாக்டரே சொல்லிட்டார்" என்ற வாக்கியத்தை மட்டும் வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்து தூக்கம். எத்தனை மணிக்குப் படுக்கிறாள், எத்தனை மணிக்கு எழுகிறாள்? 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. இந்த வயதில் உடல் கடிகாரமே பின்தள்ளிப் போகிறது. இரவு பதினோரு மணிக்கு முன் தூக்கம் வராதது சோம்பலோ அடமோ இல்லை. அதனால்தான் உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன் தொடங்கக்கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2014ல் சொன்னது. பள்ளி நேரத்தை நீங்கள் மாற்ற முடியாது, மாலையை மாற்ற முடியும்.

குறைக்கும்போது பெற்றோர் பெரும்பாலும் முதலில் கை வைப்பது விளையாட்டில். "படிப்புக்கு உதவாது" என்று. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 5 முதல் 17 வயதுவரை தினமும் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்கும்படியான உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கூடைப்பந்து அவளுக்குப் பிடித்தால் அது கடைசியில் விட வேண்டியது.

பள்ளிக் கவுன்சலரிடம் போகச் சொல்லுங்கள். பிள்ளைகள் போகத் தயங்குவது, அம்மாவிடம் சொல்லிவிடுவார்கள் என்ற பயத்தில். பேசியது பொதுவாக வெளியே போகாது. அவள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, அல்லது யாரோ அவளைத் துன்புறுத்துகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் நாங்கள் சொல்லியாக வேண்டும். முதல் சந்திப்பிலேயே இதைச் சொல்லிவிடுவது எங்கள் வழக்கம். இன்னொரு விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் பள்ளியில் பல்கலைக்கழக வழிகாட்டியும் மனநலக் கவுன்சலரும் ஒரே ஆளா, வேறு வேறா? ஒரே ஆள் என்றால், தன் விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதப் போகிறவரிடம் "என்னால் முடியவில்லை" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் நாக்கு எழாது. அப்படியானால் அவளுக்குப் பிடித்த வேறொரு ஆசிரியர் வழியாகப் போங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. சாப்பாடு, தூக்கம் இரண்டும் சட்டென்று மாறுவது, பிடித்ததிலிருந்தெல்லாம் ஒதுங்குவது, தன் பொருளை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்கிற மாதிரிப் பேச்சு. இதில் எது தெரிந்தாலும் காத்திருக்காதீர்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவ உதவிக்குப் போங்கள்.

---

இரட்டைப்பின்னல்

இரவு பன்னிரண்டரைக்குப் படுக்கிறாள். ஆறு மணிக்கு எழுகிறாள். அதாவது ஐந்தரை மணி நேரம். இத்தனை நாள் எனக்கு இது ஒரு எண்ணாகத் தெரியவே இல்லை.

கடைசியாக நீங்கள் எழுதியதை அவள் அப்பாவும் நானும் சேர்ந்து படித்தோம். நேற்று இரவே அவளிடம் கேட்டேன். இல்லை என்றாள். பிறகு ரொம்ப நேரம் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

---

கடைசி பெஞ்ச்

நான் இப்படி ஒரு பள்ளியில் படித்து முடித்தவள். எல்லாப் பட்டியலிலும் என் பெயர் இருந்தது. இரண்டாம் வருடத்தில் ஒரு காலை படுக்கையிலிருந்து எழ முடியவில்லை, அப்படியே பதினொரு நாள். அந்தப் பதினொரு நாளில் எந்தச் சங்கத்திலிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. என் இடத்தில் அடுத்த ஆள் வந்துவிட்டார், நிகழ்ச்சி நடந்தது. சேர்ந்திசைக் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் பெண் மட்டும் வந்தாள். "நீ இல்லாம எனக்கு ரெண்டாவது குரல் பிடிபட மாட்டேங்குது" என்றாள்.

ஆன்ட்டி, அவளிடம் எது பிடிக்கும் என்று கேட்காதீர்கள். நான் எல்லாம் பிடிக்கும் என்றுதான் சொல்லியிருப்பேன். நீ ஒரு நாள் போகாவிட்டால் அங்கே உன்னை யார் தேடுவார்கள் என்று கேளுங்கள்.

---

கணக்குப்புலி

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பத்து இடத்தை நான் பார்க்காதது போல் இருக்க முடியாது. உலகம் அப்படி இருக்கிறதே?

---

சுண்ணக்கட்டி

சார், பத்து என்பது உச்ச வரம்பு. பத்தையும் நிரப்பச் சொல்லி யாரும் கேட்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் விவரம் எழுத 150 எழுத்துதான் தருகிறார்கள், வருடக்கணக்கில் ஒன்றில் நின்ற பிள்ளைக்கு அந்த 150ல் சொல்ல ஏதாவது இருக்கும். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் முக்கியமாகப் பார்ப்பது, எடுக்கப்போகிற பாடத்தில் பிள்ளைக்கு எவ்வளவு ஈடுபாடு என்பதைத்தான். உங்கள் மகன் நன்றாக வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. அவன் அந்த வருடங்களைப் பற்றி இப்போது என்ன சொல்கிறான் என்று ஒரு முறை கேட்டுப் பாருங்களேன்.

---

இரட்டைப்பின்னல்

கடைசி பெஞ்ச், உன் கேள்வியை ஞாயிற்றுக்கிழமை அப்படியே கேட்டேன் அம்மா. காலண்டரை நடுவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிறமாகப் போனோம்.

மாதிரி ஐ.நா.? "யாரும் தேட மாட்டாங்க. அந்த நாட்டுக்கு வேற ஆளை உட்கார வைப்பாங்க." ஆண்டு மலர்? யோசித்தாள். "போட்டோவுக்குப் பேர் போடற வேலை. யார் வேணா போடலாம்." கூடைப்பந்து? "மூணு பேர் உடனே போன் பண்ணுவாங்க." மேடை விளக்கு? "என் குறிப்பு நோட்டு என் கையெழுத்தில இருக்கு, வேற யாருக்கும் படிக்க வராது."

வாசிப்புத் துணைக்கு வந்ததும் முகமே மாறிவிட்டது. ஆறு வயதுப் பையன் ஒருவன், இந்தப் பள்ளிக்குப் புதியவன், பள்ளியின் மொழி அவனுக்கு இன்னும் வரவில்லை. இவள் நிறுத்திய பக்கத்தில் ஒரு துண்டு ஊதா நூலை வைத்து மூடிவிடுவானாம். இவள் போகாத வியாழக்கிழமை வேறொரு அக்கா வாசிக்க வந்தபோது புத்தகத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டானாம்.

விவாத மன்றத்துக்கு மட்டும் பதிலே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "தேடறவ போயிட்டா" என்றாள். இரண்டு மாதமாக அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இன்னொன்றும் இங்கே சொல்லிவிட வேண்டும். மாதிரி ஐ.நா.வுக்கும் ஆண்டு மலருக்கும் பெயர் கொடுத்தது அவள் இல்லை, நான். ஆக்டிவிட்டிப் பதிவு இணையத்தில் திறந்த இரவு, இடம் போய்விடுமே என்று உட்கார்ந்து நானே டிக் செய்தேன். மற்ற பெற்றோர் குழுவில் தங்கள் பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவளிடம் மறுநாள்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இப்போது சிக்கல் என்னவென்றால், நடுப்பருவத்தில் விலகுவது பொறுப்பின்மை என்று பொறுப்பாசிரியர் சொல்கிறாராம்.

---

சுண்ணக்கட்டி

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அடுத்த மாதிரி ஐ.நா. மாநாட்டுக்குப் பெயர் கொடுத்து, சக மாணவர் அவளோடு சேர்ந்து தயாரித்திருந்தால், அதை முடித்துவிட்டு விலகட்டும். அப்படி எதுவும் இல்லை என்றால் இப்போதே விலகலாம். மின்னஞ்சலை அவளே எழுதட்டும், நீங்கள் எழுத வேண்டாம். "நேரமில்லை" என்று மழுப்பாமல், "என் உடல்நிலைக்காகக் குறைக்கிறேன், என் வேலையை இன்னாரிடம் இந்தத் தேதிக்குள் ஒப்படைக்கிறேன்" என்று நேராக. தன் பலத்தையும் தான் வளர வேண்டிய இடங்களையும் அறிவது அந்த ஏழு கற்றல் பலன்களில் முதலாவது. இந்த விலகலைப் பற்றியே அவள் ஒரு பதிவு எழுதலாம்.

டியூக் விருதைக் கைவிட வேண்டாம், தள்ளிப் போடலாம். 25 வயது ஆவதற்குள் முடித்தால் போதும்.

---

மூன்றாவது ஊர்

அந்தத் தோழியோடு ஒரு வீடியோ அழைப்புக்கு ஏற்பாடு செய்யுங்கள் மேடம். முறையாக விடைபெற இப்போதும் காலம் போய்விடவில்லை. என் மகன் ஒரு வருடம் கழித்துத்தான் பேசினான். அழுதான், அப்புறம் அந்த லாக்கர் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பினான்.

---

இரட்டைப்பின்னல்

ஆறு வாரம் ஆகிவிட்டது. கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

மாதிரி ஐ.நா., ஆண்டு மலர் இரண்டும் விட்டாயிற்று. டியூக் விருது அடுத்த வருடத்துக்கு. விவாத மன்றத்தில் இந்தப் பருவம் முடியும்வரை இருக்கிறேன் என்று அவளே சொன்னாள், புது ஜோடி ஒருத்தி வந்திருக்கிறாள், ஒன்பதாம் வகுப்பு. பழைய தோழியோடு இரண்டு மணி நேரம் பேசினாள். கதவு சாத்தியிருந்தது, நடுவில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கவுன்சலரிடம் நான்கு முறை போயிருக்கிறாள். என்ன பேசினாள் என்று நான் கேட்பதில்லை. பதினொன்றுக்கு விளக்கை அணைத்துவிடுகிறாள், தேர்வுக்கு முந்தைய நாள் தவிர. வயிற்றுவலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம் ஒரு நாள் வந்தது. அதற்கு முந்தைய வாரம் இல்லை.

சனிக்கிழமை நாடகம். எனக்குக் கடைசி வரிசையில் இடம் எடுத்திருக்கிறாள். முன்னால் இடம் காலியாக இருக்கிறதே என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால்தான் விளக்குப் பலகையில் அவள் கை தெரியுமாம்.